வெளிநாட்டு ஜாஸ் பெட்டித் தொகுப்பைச் சென்னைக்கு வரவழைப்பது எப்படி?

சென்னையில் பழைய திரைப்பாட்டுத் தட்டு தேடுபவருக்கும் கர்நாடக இசைத் தட்டு தேடுபவருக்கும் வழி சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். ஜாஸ் தேடுபவர் தனியாகத்தான் அலைய வேண்டியிருக்கிறது. எந்தப் பதிப்பு நல்லது, வரி எவ்வளவு வரும், கூரியர்காரர் ஏன் ஆதார் கேட்கிறார், பெட்டி எப்போது கைக்கு வரும் என்று ஒவ்வொன்றுக்கும் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதன்முறையாக ஒரு மறுபதிப்புத் தொகுப்பை வாங்க நினைக்கிறவருக்கான குறிப்புகள் இவை. பெரும்பாலானவை எல்பிக்கும் சிடிக்கும் பொதுவானவை.

1. எந்த ஆல்பம் என்பதோடு எந்தப் பதிப்பு என்பதையும் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே ஆல்பம் பத்துப் பதினைந்து பதிப்புகளில் கிடைக்கும். அட்டைப்படம் ஒன்றே, உள்ளே இருக்கும் ஒலி வேறு வேறு.

மிக மலிவான ஐரோப்பியப் பதிப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு ஐரோப்பாவில் 50 ஆண்டு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிறகு சட்டம் அந்தக் காலத்தை 70 ஆண்டாக நீட்டியபோதும், ஏற்கெனவே முடிந்துபோனவற்றின் உரிமை திரும்பவில்லை. ஜாஸின் பொற்காலப் பதிவுகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மூல டேப் கையில் இல்லாதவர்கள் சிடியிலிருந்தே எல்பி வெட்டி விற்பதும் நடக்கிறது. சட்டப்படி குற்றமில்லை. ஆனால் எல்பிக்கான விலை கொடுத்து சிடியைத்தான் கேட்கிறீர்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. பின்னட்டையைப் பாருங்கள். மாஸ்டரிங், அதாவது மூல டேப்பின் ஒலியைத் தட்டுக்கு ஏற்றபடி சீர்செய்யும் வேலையைச் செய்தவர் பெயர் இருக்கிறதா? எந்த டேப்பிலிருந்து வெட்டினார்கள் என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் இல்லாமல் ‘180 கிராம்’ என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். எடை, தட்டின் கனத்தைச் சொல்லும். ஒலியின் மூலத்தைச் சொல்லாது.

நம்பி வாங்கக்கூடிய வரிசைகள் சில இருக்கின்றன. ப்ளூ நோட் நிறுவனம் 2019இல் தொடங்கிய டோன் பொயட் வரிசை ஜோ ஹார்லியின் மேற்பார்வையில் வருகிறது; மாஸ்டரிங் கெவின் கிரே. அதே நிறுவனத்தின் கிளாசிக் வினைல் வரிசை விலை குறைவு, அட்டை சாதாரணம், ஒலியில் குறை சொல்ல முடியாது. என் யோசனை, முதல் தட்டை இதில் வாங்குங்கள். பிரஸ்டீஜ், ரிவர்சைடு ஆகிய பழைய ஜாஸ் நிறுவனங்களின் பதிவுகள் வேண்டுமென்றால், 2023 முதல் கிராஃப்ட் நிறுவனம் மீண்டும் கொண்டுவரும் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையைப் பாருங்கள்.

டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைக் கிட்டத்தட்ட எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள் என்பதால் ஒரு தனிக் குறிப்பு. 1959இல் பதிவு செய்தபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளுக்கும் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் தட்டில் அவை சற்று வேகமாக, சுருதி தூக்கலாக ஒலிக்கும். 1992இல்தான் இது சரிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய அச்சு எதுவானாலும் சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய அச்சு மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், தவறில்லை. இந்த விஷயம் தெரிந்து வாங்குங்கள்.

அடுத்து பெட்டித் தொகுப்புகள். இந்தத் துறையில் மொசைக் நிறுவனத்துக்குத் தனி இடம் உண்டு. மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் தொடங்கியது; 1983இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் ப்ளூ நோட் பதிவுகள் முழுவதையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தார்கள். ஒரு கலைஞர் ஒரு நிறுவனத்துக்குச் செய்த பதிவுகளை நாள்வாரியாக அடுக்கி, யார் என்ன வாசித்தார் என்ற விவரத்தோடு பெரிய புத்தகமும் வைப்பார்கள். இதில் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: முழுமையான தொகுப்பு என்றால் ஒரே உருப்படியை மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிந்த டேக்குகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து வரலாம். அந்தக் கலைஞரின் இரண்டு மூன்று ஆல்பங்களையாவது மனப்பாடமாகக் கேட்டிருந்தால் இந்த வேறுபாடுகள்தான் பெரிய விருந்து. கேட்காதவருக்குச் சலிப்புத் தட்டும். ஆகவே தனி ஆல்பம் முதலில், பெட்டி பிறகு.

2. உள்ளூரில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்

மூர் மார்க்கெட் கடைகள் குடியேறிய, சென்ட்ரல் அருகே உள்ள அல்லிக்குளம் வளாகத்தில் பழைய தட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே ப்ளூ நோட் மூல அச்சைத் தேட வேண்டாம். இந்தியாவிலேயே அச்சான ஆம்ஸ்ட்ராங், எலிங்டன், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போன்றவர்கள் திரைப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவில் அகப்படலாம். ‘ஜாஸ் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள். ‘இங்கிலீஷ் ரெக்கார்டு’ என்று கேளுங்கள், ஒரு கட்டு எடுத்துப் போடுவார்கள்.

வாங்கும் முன் தட்டை உறையிலிருந்து முழுமையாக வெளியே எடுங்கள். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சம் சாய்வாக விழும்படி மெல்லச் சுழற்றுங்கள். மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் சத்தம் தராது. நகத்தின் நுனியால் லேசாகத் தடவும்போது தட்டுப்படும் கீறல் கண்டிப்பாக டிக் டிக்கென்று கேட்கும். லேபிளின் நடுத் துளையைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு என்று பொருள். கடைசியாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையில் உள்ள வழவழப்பான வளையத்தைப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்தான் தட்டின் உண்மையான அடையாளம். ப்ளூ நோட் பழைய அச்சுகளில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரையும், 1966 வரை அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலையின் காது போன்ற சிறு குறியும் அந்த வளையத்தில்தான் இருக்கும். வெளிநாட்டு விற்பனையாளர் ‘முதல் அச்சு’ என்று விலை சொன்னால், இந்த இடத்தின் புகைப்படம் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

3. ஆவணங்களை ஆர்டருக்கு முன்பே தயார் செய்யுங்கள்

கூரியரில் வரும் எந்தப் பெட்டிக்கும் சுங்கத்தில் கேஒய்சி கேட்பார்கள். பெறுபவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டும் வேண்டும். ஆதார், பான், பாஸ்போர்ட் ஆகியவற்றில் எது என்பதைக் கூரியர் நிறுவனம் மின்னஞ்சலில் சொல்லும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பெயரில் தலைப்பெழுத்து. ஆதாரில் ‘கே. முருகன்’ என்றிருக்கும், பான் கார்டில் தந்தை பெயர் விரிந்து முன்னாலோ பின்னாலோ வந்திருக்கும், பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். வெளிநாட்டு இணையதளமோ முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, ஒற்றை எழுத்தை ஏற்க மறுக்கும். நாம் ஏதோ ஒன்றை நிரப்பிவிடுவோம். ஒரு கூரியர் நிறுவனம் பெயர் பொருந்தவில்லை என்று என் பெட்டியை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு முறை பேசும்போதும் வேறு ஒரு ஆவணம் கேட்டது. பெட்டி கிடங்கில் கிடந்தால் வாடகையும் ஏறும்.

வழி இதுதான்: எந்த ஆவணத்தைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதில் உள்ள எழுத்துக்கு எழுத்து அதே பெயரை ஆர்டரிலும் இடுங்கள். முகவரியும் அப்படியே. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆதார் முகவரியை மாற்றிவிட்டு ஆர்டர் செய்வது நல்லது. இவற்றோடு விற்பனையாளரின் இன்வாய்ஸ், பணம் செலுத்திய ரசீது, பொருளின் விலை தெரியும் பக்கத்தின் நகல் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். விலையைச் சுங்க அதிகாரி சந்தேகித்தால் அன்றே அனுப்பிவிடலாம்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே தொகுப்பின் ஐந்து பிரதிகளை ஒரே பெட்டியில் வரவழைக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். தபால் செலவு மிச்சம்தான். ஆனால் ஒரே பொருளின் பல பிரதிகள் சொந்த உபயோகமாகத் தெரியாது. வணிக இறக்குமதி என்று கருதினால் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் கேட்பார்கள்.

4. வீட்டு வாசல் வரையிலான விலையைக் கணக்கிடுங்கள்

தளத்தில் தெரியும் விலை பாதிக் கதைதான். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மொத்தத்துக்குப் போடப்படும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதத்தை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள்.

சொந்த உபயோகத்துக்கு வரும் பொருள்கள் 9804 என்ற தலைப்பில் வகைப்படுத்தப்படுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் வரை அடிப்படை வரி, கூடுதல் வரி, ஐஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து 77 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் குறைந்திருக்கிறது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் விஷயம் என்பதால், ஆர்டர் செய்யும் வாரத்தில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். பழைய கணக்கை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகுப்பு 150 டாலர், அனுப்பும் செலவு 60 டாலர், டாலருக்கு 90 ரூபாய், வரி 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 210 டாலருக்கு 18,900 ரூபாய். கார்டு நிறுவனம் அன்னியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் எடுத்தால் 780 ரூபாய். வரி ஏறக்குறைய 7,620 ரூபாய். உங்கள் சார்பில் வரியைக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கும். அதை 1,000 என்று வைத்தால் மொத்தம் 28,300 ரூபாய். தளத்தில் நீங்கள் பார்த்தது 13,500 ரூபாய்ப் பெட்டி.

கூரியர் எடைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் வரும் எடை, உண்மை எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 40க்கு 40க்கு 12 என்ற அட்டைப் பெட்டி 3.84 கிலோ ஆகிவிடும்; உள்ளே இருப்பது இரண்டரைக் கிலோவாக இருந்தாலும் சரி. சிடித் தொகுப்பு எனக்குப் பல நேரங்களில் நியாயமாகப் படுவது இதனால்தான்.

‘பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்புகிறேன்’, ‘விலையைக் குறைத்துப் போடுகிறேன்’ என்று சில விற்பனையாளர்கள் உதவி செய்ய முன்வருவார்கள். இரண்டையும் மறுத்துவிடுங்கள். பரிசுக்கு இருந்த 5,000 ரூபாய் விலக்கு 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. விலையைக் குறைத்துக் காட்டினால் சுங்கத்தில் மாட்டலாம். பெட்டி தொலைந்தால் காப்பீடும் குறைத்துக் காட்டிய தொகைக்குத்தான் கிடைக்கும். பிரிட்டனிலிருந்து வாங்கும்போது மட்டும் ஒன்று கேளுங்கள்: ஏற்றுமதிக்கு அவர்கள் நாட்டு 20 சதவீத வாட் வரி கிடையாது, விலையில் அதைக் கழித்தார்களா என்று.

பணம் கட்டும் முன் வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். புதிய கார்டுகளில் அது மூடியேதான் வரும்.

5. எப்போது வாங்குவது, எதில் வரவழைப்பது

எண்ணிட்ட பெட்டித் தொகுப்புகள் உரிமையைக் குறிப்பிட்ட பிரதிகளுக்கு மட்டும் வாங்கி அச்சடிக்கப்படுகின்றன. தீர்ந்தால் தீர்ந்ததுதான். மொசைக் தளத்தில் ‘குறைந்து வருகிறது’, ‘கடைசி வாய்ப்பு’ என்று அறிவிப்பார்கள். முதல் அறிவிப்பிலேயே முடிவெடுங்கள். இரண்டாம் கை விற்பனையில் அதே பெட்டி பல மடங்கு விலைக்குப் போவதைப் பார்த்து வயிறு எரிவதில் பயனில்லை. டோன் பொயட் போன்ற தனித் தட்டுகளுக்கு இந்த அவசரம் வேண்டாம். பல தலைப்புகள் மீண்டும் அச்சாகின்றன.

அஞ்சலில் வந்தால் செலவு குறைவு, நாள் அதிகம். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து என்று அமைந்த எண் இருந்தால் இந்திய அஞ்சல் துறை தளத்திலேயே தொடர்ந்து பார்க்கலாம். இந்தியாவிலேயே உள்ள, வெளிநாட்டு அஞ்சலைக் கையாளும் அலுவலகத்தில் சுங்கம் மதிப்பிடும்; வரியைத் தபால்காரரிடமே கட்டிப் பெற்றுக்கொள்ளலாம். வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தால் அஞ்சலே நல்லது. ஒரு பெரிய தொகுப்புக்கு, அவசரத்துக்கு, கூரியர். எதில் வந்தாலும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ அல்லது வரி மதிப்பீட்டுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பும் வகைப்பாடும் தவறாக இருந்தால் முறையிட அது ஒன்றே ஆதாரம்.

மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை பெட்டி வந்து சேரும்படி ஆர்டர் செய்யாதீர்கள். நனைந்த அட்டைப் பெட்டிக்குள் ஊறிய ஆல்பம் உறையைக் காயவைத்து மீட்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வருகிற பெட்டியை அன்றே வாங்கிவிடுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் எல்பி வளைந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை வந்து சேர்வதே உத்தமம்.

பழைய தட்டு வாங்கும்போது ஜப்பானிய விற்பனையாளர்களை முதலில் பாருங்கள். தரக் குறியீட்டில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள், கட்டுவதிலும் அப்படியே. டிஸ்காக்ஸ் போன்ற தளங்களில் தட்டுக்கும் அட்டைக்கும் தனித்தனித் தரம் போடுவார்கள். விஜி ப்ளஸ் (‘வெரி குட் ப்ளஸ்’) என்ற தரத்துக்குக் கீழே உள்ளதைக் கடல் தாண்டி வரவழைக்க வேண்டாம். தட்டை உறைக்கு வெளியே வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் விழும் ஒவ்வோர் அடியிலும் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழிக்கும்.

6. பெட்டி வந்ததும்

பிரிப்பதை வீடியோ எடுங்கள். மூலை நசுங்கியிருந்தால் பிரிக்கும் முன்பே படம். குறை இருந்தால் திருப்பி அனுப்புவதைவிட விலையில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்பது நல்லது. கட்டிய வரியை மீட்பது பெரும்பாடு. எல்லாத் தட்டுகளையும் முதல் வாரத்திலேயே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். விற்பனையாளரின் முறையீட்டுக் காலம் நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியது.

சென்னை ஈரக்காற்றில் தாள் உறைகளில் பூஞ்சை வரும். உள்ளுறையைப் பாலித்தீன் பூசியதாக மாற்றுங்கள். பிவிசி வெளியுறை கூடாது. நாளடைவில் தட்டில் புகைபோலப் படிந்துவிடும். செங்குத்தாக அடுக்குங்கள், மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டி வேண்டாம். தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவில் வைத்துச் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து பழைய டர்ன்டேபிளும் சேர்த்து வாங்கும் ஆசை இருந்தால் ஒரு சொல்: அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின்னழுத்தத்தை மாற்றும் டிரான்ஸ்பார்மர் வேகத்தை மாற்றாது. ஏசி சின்க்ரோனஸ் மோட்டார் உள்ள கருவி இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும்.

7. இன்னும் வராத தொகுப்புக்கு எழுதிக் கேளுங்கள்

வேண்டிய தொகுப்பு எங்குமே இல்லை என்ற நிலை சீக்கிரமே வரும். ஏங்கிக்கொண்டிருக்காமல் நிறுவனத்துக்கு எழுதுங்கள். வாங்குகிறவர் யார், என்ன கேட்கிறார் என்பது சிறு நிறுவனங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் தகவல்.

என் பட்டியலில் முதலிடம் டெடி வெதர்ஃபோர்டுக்கு. ஆம்ஸ்ட்ராங் காலத்துச் சிகாகோவில் வாசித்த அந்தப் பியானோ கலைஞர் ஆசியாவுக்கு வந்து, இரண்டாம் உலகப் போரின்போது கொல்கத்தாவில் இசைக்குழு நடத்தி, கொலம்பியா முத்திரையில் 78 வேகத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய வகை) பதிவு செய்து, 1945இல் அங்கேயே காலமானார். அந்தத் தட்டுகள் நாள்வாரியாக, நல்ல புத்தகத்தோடு ஒரே பெட்டியில் வர வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. பாட்டின் உரிமை வேறு, அதைத் தனியே பார்க்க வேண்டும். ஆகவே இந்தத் தொகுப்பை இங்கேயே ஒருவர் கொண்டுவரத் தடை பெரிதாக இல்லை. அடுத்தது, ஜாஸும் இந்திய இசையும் கலந்து வாசித்த சக்தி குழுவின், 1976, 1977 ஆண்டுகளில் வந்த மூன்று ஆல்பங்களும் அக்காலக் கச்சேரி நாடாக்களும் சேர்ந்த ஒரு பெட்டி. விக்கு விநாயக்ராமின் கடம் அதில் எப்படி ஒலிக்கிறது என்பதை நம் ஊர்க் காது கொண்டு சரிபார்த்து மாஸ்டரிங் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். 1958இல் சென்னைக்கும் வந்து வாசித்த டேவ் புரூபெக் குவார்டெட் என்ற நால்வர் ஜாஸ் குழுவின் இந்தியப் பயண நாடா எங்காவது இருக்குமானால் அதற்கும் நான் முன்பணம் கட்டத் தயார்.

கடிதத்தில் புகழ்ச்சி வேண்டாம். பதிவு நாள், ஊர், வாசித்தவர்கள், மேட்ரிக்ஸ் எண், தட்டு எண், இன்று உரிமை யாரிடம் இருக்கலாம், நல்ல நிலையில் உள்ள பிரதி யாரிடம் இருக்கிறது ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குச் சென்னையிலேயே விடை கிடைக்கலாம். பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பகுதிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பாட்டன் காலத்து நடன இசைத் தட்டுகளை வைத்திருக்கக்கூடும். வீடு மாற்றும்போது அவைதான் முதலில் பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. தெரிந்தவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

அப்படி ஒரு தட்டு கிடைத்தால் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் சிறிது, மென்மையான துணி, உடனே உலர்த்தல், அவ்வளவே. எல்பி ஊசியில் ஓட்டக் கூடாது. 78க்கென்று ஏறக்குறைய 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள ஊசி தனியாகக் கிடைக்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்து, இரைச்சலை நீக்காமல் அப்படியே சேமியுங்கள். நீக்குவது நிறுவனத்தின் பொறியாளர் வேலை. இரு பக்க லேபிளையும் உள்வளையத்தையும் தெளிவாகப் படமெடுத்து, ஒலிக்கோப்பின் பெயரிலேயே மேட்ரிக்ஸ் எண்ணை இட்டு, கடிதத்தோடு அனுப்புங்கள்.